கட்டைப் பிரிக்கலாமா, டீச்சர்?



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு தொடக்கப் பள்ளியின் வகுப்பறை. இந்தத் தலைப்புக்காக நான் எங்கேயும் போய்த் தேட வேண்டியதில்லை. 32 ஆண்டுகள் அங்கேதான் இருந்தேன். "ஒன்றாம் வகுப்பைத் தாண்ட உமக்கு 32 வருஷம் ஆயிற்றா?" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். ஆமாம், ஆயிற்று. இன்னும் தாண்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட பாடம் எது? அனா ஆவன்னாவா? ஒன்று இரண்டா? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் ஒரு பாடம் நடந்தது. "கையைக் கட்டு! வாயைப் பொத்து!"

சிரிக்கிறீர்கள். எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எழுத்து மறந்தவர்களுக்கும் அந்த இரண்டு கட்டளைகள் மறப்பதில்லை. கை கட்டினோம், வாய் பொத்தினோம், நல்ல பிள்ளை ஆனோம். அதற்குப் பிறகுதான் பாடம் தொடங்கியது.

நானும் அப்படிச் சொன்ன ஆசிரியன்தான். சத்தமாகவே சொன்னவன். எங்கள் காலத்தில் வகுப்பு எவ்வளவு நிசப்தமாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல ஆசிரியர் என்று பெயர். தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து போகும்போது என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். அதில் எனக்குப் பெருமை. குண்டூசிச் சத்தம் கேட்டது. ஒரு குழந்தையின் குரலாவது கேட்டதா என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று.

அப்படிக் கேட்க வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. இன்றைக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு கணக்குக்குள் அடக்கம். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வகுப்பு. 42-இல் 17 போனால் எவ்வளவு? இங்கே இருக்கும் பெரியவர்கள் உடனே 25 என்பீர்கள். வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். எல்லா ஊரிலும் எழுதுவார்கள், எல்லா வருஷமும் எழுதுவார்கள். நானும் வருஷம் தவறாமல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தேன். "எத்தனை தடவை சொன்னேன், பக்கத்துல கடன் வாங்குன்னு!" இதுதான் நான் கொடுத்த மருத்துவம்.

ஒரு நாள் ஒரு பையன் எழுந்து நின்றான். "சார், கடன் வாங்கினோமே, எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்?" வகுப்பு சிரித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதிகப்பிரசங்கி, உக்காருடா" என்றேன். அவன் உட்கார்ந்தான். கையையும் கட்டிக்கொண்டான்.

இன்று யோசித்துப் பார்க்கிறேன். அவன் கேட்டதில் என்ன தவறு? அவன் வீட்டில் கடன் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வாத்தியார் தினமும் கடன் வாங்குகிறார், ஒரு நாளும் திருப்பித் தருவதாகக் காணோம். வகுப்பில் இருந்த முப்பது பேரில் உண்மையிலேயே யோசித்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் உட்கார வைத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, வயதில் மிகவும் சின்னவரான ஓர் ஆசிரியை எங்கள் பள்ளிக்கு வந்தார். ஒரு நாள் ஏதோ பதிவேட்டில் கையெழுத்து வாங்க அவர் வகுப்பு வாசலில் போய் நின்றேன். அதே கணக்கு. ஒரு சிறுமி பலகையில் அதே 35-ஐ எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடிக்கவில்லை. அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"எப்படிக் கண்ணு போட்ட? சொல்லு, கேப்போம்."

"மேல ரெண்டு இருக்கு, கீழ ஏழு இருக்கு. ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன். அஞ்சு. அப்புறம் நாலுல ஒண்ணு போனா மூணு."

கேட்டீர்களா? அந்தக் குழந்தை கவனக்குறைவாகப் போடவில்லை. அவளிடம் ஒரு விதி இருக்கிறது. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஒழுங்காக, வரிசையாக, நேர்மையாகத் தப்புச் செய்திருக்கிறாள்.

அந்த ஆசிரியை ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே தென்னை ஈர்க்குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள், கொஞ்சம் உதிரிக் குச்சிகள். நாலு கட்டும் இரண்டு உதிரியும் அவள் முன்னால் வைத்தார். "இது எத்தனை?" "நாப்பத்திரண்டு டீச்சர்." "எனக்குப் பதினேழு குச்சி குடு பார்ப்போம்."

அவள் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தாள். பத்து ஆயிற்று. இன்னும் ஏழு வேண்டும். உதிரியைப் பார்த்தாள், இரண்டுதான் இருக்கிறது. மீதிக் கட்டுகளைப் பார்த்தாள். ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கட்டுகளைப் பார்த்தாள். நான் வாசலில் நிற்கிறேன், அந்த ஆசிரியை வாயைத் திறக்கவில்லை. எனக்கோ உள்ளே துடிக்கிறது: "அட, சொல்லித் தொலையம்மா, நேரமாகுது!" அவர் சொல்லவில்லை. காத்திருந்தார். கடைசியில் அந்தக் குழந்தை மெதுவாகக் கேட்டாள்.

"கட்டைப் பிரிக்கலாமா, டீச்சர்?"

அவையோரே, என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த கணிதக் கேள்வி அதுதான். பத்து என்பது ஒரு கட்டு. அதே பத்து, பத்து ஒன்றுகள். வேண்டும்போது பிரிக்கலாம், வேண்டும்போது கட்டலாம். நம்முடைய எண்முறை முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. அந்தக் குழந்தை கட்டைப் பிரித்தாள், ஏழை எண்ணிக் கொடுத்தாள், கையில் இருப்பதைப் பார்த்தாள். இரண்டு கட்டு, ஐந்து உதிரி. 25. பலகையில் இருந்த 35-ஐப் பார்த்தாள். யாரும் சொல்லாமல் தானே அழித்தாள்.

கடனும் இல்லை, வட்டியும் இல்லை. கட்டைப் பிரித்தாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு மாலை நான் என் வகுப்புக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தேன். கையைக் கட்டு, கையைக் கட்டு என்று இத்தனை வருஷம் கட்டி வைத்தேனே, அந்தக் கட்டுகளை எப்போது பிரிப்பது என்று நினைத்தேன். அதனால்தான் இன்றைய பேச்சுக்கு அந்தச் சிறுமியின் கேள்வியையே தலைப்பாக வைத்திருக்கிறேன். பிரிக்க வேண்டிய கட்டுகள் மூன்று. கையின் கட்டு, வாயின் கட்டு, ஆசிரியரின் காதின் கட்டு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் கை.

"இதெல்லாம் வெளிநாட்டு முறை சார், நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. 1789-ஆம் ஆண்டு. நம் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. அதற்குப் பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அவர் ஒரு நாள் வெளியே போகும்போது, உள்ளூர்ப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்து எழுதிப் படிப்பதைப் பார்த்தார். நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கம். பெல்லுக்கு வியப்பு. தம் பள்ளிக்குத் திரும்பி, "இப்படிச் சொல்லிக் கொடுங்கள்" என்று உதவி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. விட்டாரா பெல்? எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். வாத்தியார்கள் மறுத்ததைப் பையன் செய்து காட்டினான். 1797-இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றுப் பரவியது.

நம் மணல் கப்பலேறிப் போயிற்று. நாம் என்ன செய்தோம்? மணலைக் கூட்டித் தள்ளிவிட்டு, பெஞ்சைப் போட்டு, கையைக் கட்டச் சொன்னோம்.

இன்னொரு கதை. ரோம் நகரில், சான் லொரென்சோ என்ற ஏழைகள் வாழும் பகுதியில், 1907-இல் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவர் சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். சொரசொரப்பான உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, அதன்மேல் குழந்தையின் விரலை ஓட விட்டார். கண் பார்ப்பதற்கு முன் விரல் படித்தது. திண்ணை மணலும் ரோமாபுரியின் உப்புத்தாளும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. ஆனால் இரண்டும் கண்டுபிடித்தது ஒரே உண்மை. குழந்தையின் மூளைக்குப் போகும் வழிகளில் ஒன்று அதன் விரல் நுனியில் தொடங்குகிறது. அதே மாண்டிசோரி அம்மையார் 1939-இல் நம் அடையாறுக்கு வந்தார், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் மூண்டதால் நாடு திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் இருந்து குழந்தைகளோடு வேலை செய்தார். ஆக, வெளிநாட்டிலிருந்து வந்தது எது, இங்கிருந்து போனது எது என்று கணக்குப் பார்க்க வேண்டாம். குழந்தை எல்லா நாட்டிலும் குழந்தைதான்.

சரி, கையைப் பிரித்துவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் நாம் இன்னொரு பள்ளத்தில் விழுகிறோம். கை ஆடினால் செயல்பாடு நடந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

பெற்றோர்களே, உண்மையைச் சொல்லுங்கள். ராத்திரி பத்தரை மணிக்கு, "அம்மா, நாளைக்குப் புராஜெக்ட் கொண்டு போகணும்" என்று பிள்ளை சொல்ல, அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூடப்போகும் ஸ்டேஷனரி கடைக்கு ஓடிய அனுபவம் இல்லாத வீடு இங்கே எத்தனை? சார்ட் அட்டை, தெர்மாகோல், பசை, ஜிகினாத் தூள். அப்பா வெட்டுகிறார், அம்மா ஒட்டுகிறாள், பாட்டி ஆலோசனை சொல்கிறாள். பிள்ளை? தூங்குகிறது. மறுநாள் அந்த அட்டைக்கு "மிக நன்று". அந்த மதிப்பெண் யாருக்கு? அப்பாவுக்கு. அவர் ஏற்கெனவே படித்து முடித்தவர், அவருக்கு எதற்கு மதிப்பெண்?

ஒரே செயல்பாட்டை இரண்டு விதமாகச் செய்யலாம். ஓர் ஆசிரியர், "ஆளுக்குப் பத்து இலை பறித்து வாருங்கள்" என்றார். பிள்ளைகள் வேம்பு, பூவரசு, புங்கன் என்று கொண்டு வந்தார்கள். "நோட்டில் ஒட்டுங்கள், பேர் எழுதுங்கள்." ஒட்டினார்கள், எழுதினார்கள், பெல் அடித்தது. கை வேலை செய்தது. வேறு எதுவும் வேலை செய்யவில்லை.

இன்னொரு வகுப்பில் அதே இலைகள். ஆசிரியை சொன்னார்: "உங்க இஷ்டப்படி கூட்டம் பிரிங்க. ஆனா ஏன் அப்படிப் பிரிச்சீங்கன்னு சொல்லணும்." ஒரு குழு, ஓரம் பல்லுப் பல்லாக இருப்பது ஒரு பக்கம், வழவழவென்று இருப்பது ஒரு பக்கம் என்று பிரித்தது. இன்னொரு குழு, கசக்கி முகர்ந்து பார்த்து வாசனையால் பிரித்தது. ஒரு பையன் மட்டும் வித்தியாசமாகப் பிரித்திருந்தான். "இது ஆடு திங்கறது டீச்சர், இது ஆடு திங்காதது." அவன் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். தின்னாத பக்கத்தில் அவன் வைத்திருந்த இலைகளில் ஒன்று ஆடாதோடை. ஆடு தொடாத செடி என்பதால் வந்த பெயர் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் செடிக்கு என்றோ பெயர் வைத்தவர் எப்படி யோசித்தாரோ, அப்படியே யோசித்திருந்தான் ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன். வகைப்படுத்துதல் என்ற சொல் அவனுக்குத் தெரியாது. வகைப்படுத்தத் தெரிந்திருந்தது.

இரண்டு வகுப்புக்கும் வித்தியாசம் என்ன? இலை ஒன்றுதான், பசையும் ஒன்றுதான். இரண்டாவது வகுப்பில் ஒரு "ஏன்" இருந்தது. அந்த "ஏன்" இல்லாத செயல்பாடு, கையைக் கட்டுவதற்குப் பதிலாகக் கையை ஆட்டச் சொல்வது மட்டுமே.

அடுத்து வாய்.

தமிழ்க் குழந்தையின் வாயைப் பொத்துவதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் ஒன்று. பெரியவர்களுக்கு இது பழகிப் போயிற்று. ஐந்து வயதுக் குழந்தைக்கு?

சுவரில் உயிரெழுத்துப் படம் தொங்குகிறது. "இ" என்ற எழுத்து, பக்கத்தில் ஓர் இலை. குழந்தை படத்தைப் பார்த்து என்ன சொல்கிறது? "எலை." அப்படியானால் அது "எ" அல்லவா? அடுத்தது "உ", பக்கத்தில் உரல். குழந்தை வீட்டில் என்ன கேட்டிருக்கிறது? "ஒரல்." அப்படியானால் அது "ஒ" அல்லவா? "ஐ" என்ற எழுத்துக்கு ஐந்து விரல் படம். குழந்தை எண்ணிப் பார்த்துச் சொல்கிறது: "அஞ்சு!" அது "அ" அல்லவா? "ஔ"வுக்கு ஔவையார். கையில் கோல், நரைத்த தலை. குழந்தை சந்தோஷமாகக் கத்துகிறது: "பாட்டி!" ஆய்த எழுத்துக்கு எஃகுக் கம்பி. "இரும்பு டீச்சர்!"

இந்தக் குழந்தை ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் "தப்பு" என்று கேட்கிறது. பத்துத் தடவை "தப்பு" கேட்ட குழந்தை பதினோராவது தடவை வாயைத் திறக்குமா? பொத்திக்கொள்ளும். யாரும் பொத்தச் சொல்ல வேண்டியதே இல்லை. பிறகு நாம் சொல்கிறோம்: "இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது."

என்ன செய்யலாம்? வீட்டுத் தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்லாதீர்கள். காலையில் ஐந்து நிமிஷம், "நேத்து ராத்திரி வீட்ல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை சொல்லும்: "எங்க மாடு கன்னு போட்டுச்சு." அதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். அந்தக் குழந்தை தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைக் கண்ணால் பார்க்கும். நாம் பேசுவதைத்தான் எழுதுகிறார்கள், எழுதியதைத்தான் படிக்கிறார்கள் என்ற ரகசியம் அந்த நிமிஷத்தில் அதற்குப் புரியும். நூறு முறை அ, ஆ எழுதினாலும் புரியாத ரகசியம் அது. பிறகு கீழே "எங்கள் மாடு கன்று போட்டது" என்று எழுதிக் காட்டுங்கள். "புத்தகம் இப்படிப் பேசும், நாம அப்படிப் பேசுவோம், ரெண்டும் நம்மளோடதுதான்" என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டியாயிற்று.

247 எழுத்து என்று பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மிச்சமுள்ள 216-உம் உயிரும் மெய்யும் சேர்ந்து பிறந்தவை. துணைக்கால் எங்கே போடுவது, கொம்பு எங்கே போடுவது என்று பிடிபட்டுவிட்டால் குழந்தையே செய்து பார்க்கும். ட, ப, ம என்ற மூன்று எழுத்தையும் ஒரு புள்ளியையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். படம் வரும், மடம் வரும், பட்டம் வரும், மட்டம் வரும். மூன்று எழுத்து தெரிந்த குழந்தை நாலு சொல் படிக்கிறது. அதற்கு உடனே பட்டம் விட வேண்டும் போலிருக்கும். விடட்டுமே! மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏறிய பட்டத்தைப் பார்த்துக்கொண்டே "பட்டம்" என்று படித்த குழந்தைக்கு அந்தச் சொல் ஆயுசுக்கும் மறக்காது.

மூன்றாவது, ஆசிரியரின் காது. இதுதான் கடினமானது.

குழந்தையின் கையையும் வாயையும் பிரித்துவிட்டோம். இப்போது வகுப்பில் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குள் யோசனையின் குரல் எது என்று கண்டுபிடிக்கிற காது வேண்டும். அந்தக் காது இல்லாவிட்டால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். அப்புறம் மறுபடியும் "வாயைப் பொத்து" வந்துவிடும்.

ஓர் உதாரணம் போதும். "நூற்றி ஐந்து எழுது" என்கிறோம். குழந்தை 1005 என்று எழுதுகிறது. சிவப்பு மை தயாராக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். நூறு என்றீர்கள், 100 எழுதியது. ஐந்து என்றீர்கள், பக்கத்தில் 5 எழுதியது. காதில் கேட்டதை அப்படியே எழுதிய குழந்தை அது. அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, இடமதிப்பு. அதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெருக்கல் குறி அதைச் சொல்லிக்கொடுக்காது. குழந்தையின் தப்பு என்பது அதன் மனசுக்குள் எட்டிப் பார்க்க நமக்குக் கிடைத்திருக்கும் ஜன்னல். ஜன்னலை அடைப்பதற்கா சம்பளம் வாங்குகிறோம்?

தமிழ்நாடு இந்தப் பாதையில் நடக்காமல் இல்லை. ஆந்திரத்து மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷி வேலி பள்ளியினர், கிராமத்துப் பிள்ளைகளுக்காகப் பாடத்தை அட்டைகளாகப் பிரித்து ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து வந்து, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியதுதான் செயல்வழிக் கற்றல். பிறகு மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போய், 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தது. என்ன மாறியது? சுவரில் தரையை ஒட்டிக் கரும்பலகை வந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் வந்தது, அதில் பிள்ளைகளின் ஓவியங்கள் ஆடின. பாடங்களை ஏணிப்படிகளாகக் காட்டும் அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்தது. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்தாலும் விட்ட படியிலிருந்தே ஏறலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் பின்தங்கிய பிறகு, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் இயக்கம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை முதலில், பிறகு நான்கும் ஐந்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்து, குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கேயிருந்து தொடங்கு என்றது. பாட்டும் கதையும் பொம்மையும் வகுப்புக்குள் வந்தன.

நல்லவைதான். ஆனால் வகுப்பறையில் இருந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்ல வேண்டும். சில இடங்களில் அட்டை நகர்ந்தது, குழந்தை நகரவில்லை. அட்டை முடிந்தது என்று டிக் விழுந்தது, புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஏன்? ஆசிரியருக்கு அக்கறை இல்லையா? அப்படிச் சொல்பவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்க நிலையில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது அது. பிள்ளைகள் குறைவாக உள்ள ஈராசிரியர் பள்ளியில் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் ஒருவர் தலையில். அதற்கு நடுவே பதிவேடு, செயலியில் பதிவேற்றம், புள்ளிவிவரம். "எப்படிக் கண்ணு போட்ட?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க நேரம் வேண்டும். ஆசிரியரின் காதைக் கட்டி வைத்திருப்பது காகிதக் கட்டு. அதையும் யாராவது பிரிக்க வேண்டாமா? திட்டம் போடுபவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். குழந்தையை அளப்பதற்காகக் குழந்தைக்கான நேரத்தை எடுக்காதீர்கள்.

வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியினர் போட்ட சிற்றுண்டி, காமராசரின் மதிய உணவு, எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு. இவையெல்லாம் கல்விக்கு வெளியே இருக்கும் சங்கதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். பசித்த குழந்தையிடம் நான்கு கட்டுக் குச்சியைக் கொடுத்தால், அது பிரிக்க நினைப்பது சோற்றுப் பொட்டலத்தைத்தான்.

பேச்சை முடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஆசிரியத் தோழர்களே, நாளை காலை ஒரே ஒரு தப்பான விடையைத் தேர்ந்தெடுங்கள். அடிக்காதீர்கள். "எப்படிப் போட்ட?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி மிக நீளமாக இருக்கும். நான் வாசலில் நின்று துடித்தேனே, அப்படித் துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு குழந்தை போதும். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், பள்ளி நாள் முப்பது கழிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். என்னுடைய முதல் இருபது வருஷத்தில் நான் ஒரு பிள்ளையையும் அப்படிக் கேட்டதில்லை.

பெற்றோர்களே, பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும்போது உள்ளே சத்தம் கேட்டால், "என்ன ஸ்கூல் இது, ஒரே கூச்சல்" என்று சொல்லாதீர்கள். நின்று கேளுங்கள். உள்ளே யாரோ எலையையும் இலையையும் சேர்த்துவைக்கிறார்கள், யாரோ ஆடு தின்னும் இலையைப் பிரிக்கிறார்கள். ராத்திரி பிள்ளையின் நோட்டில் தப்பைப் பார்த்தால் தலையில் குட்டாதீர்கள். சமையலறையில் துடைப்பம் இருக்கும், ஈர்க்குச்சி உருவுங்கள், ரப்பர் பேண்டு போடுங்கள். செலவு ஒரு காசு கிடையாது. புராஜெக்ட்டுக்கு ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவதைவிட நல்ல ஓட்டம் அது.

என்னிடம் கடன் கேள்வி கேட்ட அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. எங்கேயாவது இந்தப் பேச்சை அச்சில் படித்தால், அவனுக்கு என் பதில் இதுதான்: தம்பி, அது கடனே இல்லை. நம்முடைய கட்டைத்தான் நாம் பிரித்தோம். அன்றைக்கே உனக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை, மன்னித்துக்கொள்.

உங்கள் வீட்டிலோ, உங்கள் வகுப்பிலோ, ஏதோ ஒரு கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும். "பிரிக்கலாமா?" என்று கேட்கும். அப்போது உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய பதில் இரண்டே சொல்தான்.

"பிரிக்கலாம், கண்ணு."